மேல் பலகையில் இருநூறு டிகிரி

ரெய்னோ ஹெய்க்கிலாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். அதிலும் சவுனா பேச்சு வந்துவிட்டால் அவரைப் பிடிக்க முடியாது. தன் வீட்டு சவுனா, அதாவது வெந்நீராவிக் குளியல் அறை, இருநூறு டிகிரி ஃபாரன்ஹீட் ஏறும், தண்ணீர் கொதிக்கப் பன்னிரண்டு டிகிரிதான் பாக்கி என்று தேவாலயத்துக் காப்பி மேசையில் முப்பது வருஷமாக அளந்து வருகிறார். போன குளிர்காலத்தில் அங்கே விருந்தாளியாகக் குளிக்க வந்த மின் ஆய்வாளர் டார்லா, சூடு அதிகமான மேல் இருக்கைப் பலகையிலிருந்து பாதியிலேயே இறங்கி ஓடியதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவரும் அவர்தான்.

இந்த வருஷம் அறையைச் சூடாக்கும் விறகு அடுப்பைக் கழற்றிவிட்டு மின் அடுப்பு வைத்தார். கம்பி இழுத்ததும் அவரே. சனிக்கிழமை டுலூத்திலிருந்து மச்சான் ஒன்னி வருகிறார். மின் அடுப்பில் பால்கூடக் காயாது என்று போனிலேயே நக்கலடித்தவர் அவர். அவர் முன்னால் தலைகுனியக் கூடாது, அதற்குள் ஆய்வாளரின் ஒப்புதல் வேண்டும். ரெய்னோவுக்கு அந்த வாரம் வேறு நினைப்பே இல்லை.

வியாழக்கிழமை டார்லா வந்தாள். கம்பியின் தடிமன் சரி, பிரேக்கர் சரி என்றாள். கம்பி எந்த வழியாகப் போகிறது என்று கேட்டாள். சவுனாவின் கூரைப் பலகைக்கு மேலே, பலகையை ஒட்டியே என்று ரெய்னோ பெருமையாகச் சொன்னார். அவள் விதிப் புத்தகத்தைத் திறந்தாள். சுற்றிலும் சூடு ஏற ஏற, ஒரு கம்பியில் அனுமதிக்கும் மின்சாரம் குறையும். அட்டவணைப்படி நூற்றைம்பத்தெட்டு டிகிரி வரை ரெய்னோவின் கம்பி இந்த அடுப்புக்குப் போதும். அதற்கு மேல் போதாது.

"அங்க எவ்வளவு சூடாகும்ணே? நீங்க சொல்றத எழுதிக்கிறேன். கையெழுத்து நீங்கதான் போடணும்."

ரெய்னோ மனசுக்குள் கணக்குப் போட்டார். நூற்றைம்பது என்றால் இன்றே ஒப்புதல். ஆனால் அந்தத் தாளைக் கதவில் ஒட்டுவார்கள், ஒன்னி கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்தெழுத்தாகப் படிப்பார். இருநூறு என்றால் புத்தம்புதுக் கூரையைப் பிரிக்க வேண்டும்.

கை துடைத்தபடி மனைவி ஐலி வந்தார். "நூத்தம்பதுன்னே எழுதும்மா. இவரு தெர்மாமீட்டர அடுப்புக்கு நேர் மேல மாட்டி வச்சிருந்தாரு. அதான் இருநூறு காட்டுச்சு."

அவமானத்தில் ரெய்னோவுக்குக் காது சிவந்தது.

"இருநூறுன்னே எழுது, தேறலன்னும் எழுது," என்றார். "கூரையப் பிரிக்கிறேன்."

வெள்ளி முழுக்கப் பிரித்தார். கம்பியைச் சூடு எட்டாத வெளிச்சுவர் வழியாகக் கொண்டுபோய், கூரையைத் திரும்ப மூடினார். சனி மதியம் டார்லா வந்து ஒப்புதல் தந்தாள். ஐலி தெர்மாமீட்டரை மேல் பலகைக்குப் பக்கத்தில், இருக்க வேண்டிய இடத்தில் மாட்டினார்.

சாயங்காலம் மச்சான்கள் இருவரும் மேல் பலகையில் ஏறி உட்கார்ந்தார்கள். முள் இருநூறைத் தொட்டது. ரெய்னோவின் ஆயுளிலேயே முதல் நிஜமான இருநூறு. அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சூடும் தாங்கவில்லை. முதலில் கீழ்ப் பலகைக்கு வந்தார், பிறகு கதவுக்கு.

"மச்சான், கதவச் சாத்திட்டுப் போ. சூடு வெளிய போகுது," என்றார் உள்ளே ஒன்னி.

ஐலி கூப்பிட்டதால் வந்து வாசற்படியில் அவருடன் காப்பி குடித்துக்கொண்டிருந்த டார்லா நகர்ந்து இடம் விட்டாள். கடிகாரத்தைப் பார்த்தாள்.

"நாலு நிமிஷம்," என்றாள். "நான் அன்னிக்கு ஏழு நிமிஷம் உக்காந்தேன்ணே."