கனகராயன்குளத்தில் நின்ற கார்

என் பெயரில் நான்கு கார்கள் பதிவாகியிருந்தன. நான்கும் பழையவை. யாரோ ஓட்டி அலுத்து, போனால் போதும் என்று தள்ளிவிட்டவை. எனக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் இருந்ததால் பத்திரங்களில் நான் கையெழுத்து வைத்தேன். ஓட்டியவர் என் கணவர் கனகலிங்கம்.

நாங்கள் அச்சுவேலியை விட்டு ஒட்டுசுட்டானுக்கு வந்தது ஐம்பதாம் ஆண்டு. எனக்கு அங்கே ஆசிரியை நியமனம். அவர் சந்தியில் கடை போட்டார்; காடு வெட்டிக் கொஞ்சம் வயலும் செய்தார். தாய் தகப்பன் இல்லாத என் தம்பி தவராசாவும் எங்களோடு வந்துவிட்டான். அப்போது அவனுக்கு இருபத்திரண்டு வயது. கடைச் சாமான் எடுக்க ஒவ்வொரு வியாழனும் வவுனியாவுக்குப் போக வேண்டும். அதற்காகத்தான் முதல் கார் வந்தது.

அது ஒரு ஒஸ்ரின். முன்னால் இரண்டு பேர் இருந்தால், பின்னால் ஒரு சீனி மூட்டைக்கும் ஒரு ஆளுக்கும் இடமிருக்கும். மழை பெய்தால் உள்ளே குடை பிடிக்க வேண்டும். தள்ளினால்தான் கிளம்பும். மூன்று பேரும் மாங்குளத்திலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு பின்னேரம், நடுத் தெருவில் தனியன் யானை ஒன்று நின்றது. காரும் அந்த இடம் பார்த்து அணைந்தது. நாங்கள் மூச்சுக் காட்டாமல் இருந்தோம். யானை கிட்ட வந்து காரை மணந்து பார்த்துவிட்டுக் காட்டுக்குள் போய்விட்டது. "அதுக்கே வேண்டாமாம்" என்று தவராசா சொன்னான். வீடு வந்து சேரும்வரை சிரித்தோம். அந்த ஒஸ்ரின் ஒருநாளும் பொய் சொல்லவில்லை. பழுது என்றால் பழுதுதான்.

ஐம்பத்து நான்கில் அதைக் கொடுத்துவிட்டு ஒரு மொறிஸ் வாங்கினோம். அதன் இடதுபக்கக் கதவைக் கயிற்றால் கட்டி வைத்திருந்தோம். இரண்டு வருடம் அது ஒழுங்காக ஓடியது. பிறகு வவுனியாத் தெருவில் இருக்கிற கனகராயன்குளத்தில் நிற்கத் தொடங்கியது.

வியாழன் காலை இருவரும் போவார்கள். பின்னேரம் தவராசா மட்டும் பஸ்ஸில் வந்து இறங்குவான்.

"அத்தான் காரோட நிக்கிறார், அக்கா. எஞ்சின் கொயில் எரிஞ்சு போட்டுதாம். முல்லைத்தீவு கராஜ் ஹமீட் நானாவுக்குச் சொல்லிவிட்டிருக்கு. இரவில உந்தக் காட்டு றோட்டால வரேலாது. நாளைக்கு வருவார்."

மாதத்தில் ஒருமுறை, பிறகு இரண்டு முறை. அவர் மறுநாள் வருவார், கையெல்லாம் கிரீசோடு. நான் வெந்நீர் வைத்துக் கொடுப்பேன். காருக்குத்தான் ஏசுவேன்.

ஐம்பத்தேழு புரட்டாதியில் எனக்கு எட்டாம் மாதம். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் பள்ளிக்கூடத்திலேயே வலி தொடங்கியது. கார் முதல்நாளே கனகராயன்குளத்தில் நின்றுவிட்டது. பின் அச்சு உடைந்துவிட்டதாகத் தவராசா வந்து சொல்லியிருந்தான். அவன்தான் ஓடித் திரிந்து ஒரு மாட்டுவண்டி பிடித்தான். முள்ளியவளை வரை வண்டியில் போனோம். அங்கே ஒரு லொறிக்காரர் ஏற்றிக்கொண்டு முல்லைத்தீவு ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டார். ஆண் பிள்ளை. அழவில்லை. நான் முகத்தைப் பார்த்தேன். காதுகள் என் கணவருடையவை போலவே இருந்தன.

அவர் அடுத்த நாள் வந்தார். கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்து அழுதார். அவருடைய கைகளில் கிரீஸ் இருந்தது.

"என்னாலதான், ஜெகதி. இந்தப் பழசைக் கட்டியிழுத்துக்கொண்டு திரிஞ்சனே."

நான் அவருடைய தலையைத் தடவினேன். "நீங்கள் என்ன செய்வியள். இரும்புதானே, அதுக்கு எங்கட அவசரம் தெரியுமே" என்றேன். பால் கட்டி நெஞ்சு வலித்துக்கொண்டிருந்த நேரம் அது. அப்போதும் நான் அவரைத்தான் தேற்றினேன்.

அதன்பிறகு எங்களுக்குப் பிள்ளை தங்கவில்லை. மொறிஸ் போய் ஒரு வருடம் போல ஒரு போர்ட் இருந்தது. அறுபதில் அதையும் மாற்ற வேண்டி வந்தது. அந்த வருடம் விளைச்சல் நல்லது. ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்த அப்போதிக்கரி ஐயாவுக்குத் தெற்கே காலிக்கு மாற்றம் கிடைத்தது. அவர் தன்னுடைய மொறிஸ் மைனரை, வாங்கி இரண்டு வருடம்கூட ஆகாததை, எங்களுக்கே தருவதாக வீடு தேடி வந்து சொன்னார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இனி ஒரு வியாழனும் தனியே படுக்க வேண்டியதில்லை என்று நினைத்தேன்.

என் கணவர் மறுத்துவிட்டார்.

"புதுக் கார் எங்களுக்குச் சரிவராது, ஜெகதி. பழசு எண்டால் அதின்ர குணம் எனக்குத் தெரியும்."

நான் மூன்று நாள் வாதாடிப் பார்த்தேன். கடைசியில் அவர் வவுனியாவிலிருந்து ஒரு பழைய ஹில்மனைக் கொண்டுவந்து முற்றத்தில் நிறுத்தினார். நான் வழக்கம்போலக் கையெழுத்து வைத்தேன். என் மனிதர் சிக்கனமானவர் என்று பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொன்னதும் நான்தான்.

அறுபத்து நான்கு வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை, ஆசிரியர் கூட்டத்துக்காக முல்லைத்தீவுக்குப் பஸ்ஸில் போனேன். ஹில்மன் முதல்நாள் தொடக்கம் கனகராயன்குளத்தில் நின்றது. கியர் இறுகிவிட்டதாம். கூட்டம் முடிந்து பஸ்ஸுக்கு நடக்கும்போது ஹமீட் நானாவின் கராஜ் திறந்திருந்தது. இத்தனை வருடம் எங்கள் கார்களோடு மல்லுக்கட்டுகிற மனிதர். ஒரு வார்த்தை நன்றி சொல்வோம் என்று போனேன். அவர் ஒரு லொறிக்கு அடியிலிருந்து எழுந்து வந்து, சாரத்தில் கையைத் துடைத்தார்.

"வாங்கோ ரீச்சர். இருங்கோ."

"இருக்க நேரமில்லை, நானா. உங்களுக்குத்தான் எங்களால எந்த நேரமும் கரைச்சல். போன மாசமும் கனகராயன்குளம் வரைக்கும் வந்து திருத்தினனீங்களாம். இப்பவும் அங்கைதான் நிக்குது. சொல்லிவிட்டிருப்பினமே?"

அவர் என்னைப் பார்த்தார்.

"நானோ? நான் கனகராயன்குளத்துக்குப் போய் வருசக் கணக்கு, ரீச்சர். உங்கட ஹில்மனுக்குப் போன வருசம் எஞ்சின் இறக்கிச் செய்து குடுத்தனான். அதுக்குப் பிறகு அது இந்தப் பக்கமே வரேல்லை. அது கல்லு மாதிரி. கொழும்புக்குப் போய் வந்தாலும் நிக்காது."

சொல்லிக்கொண்டு வந்தவர் பாதியில் நிறுத்தினார். என் முகத்தில் ஏதோ கண்டிருக்க வேண்டும்.

"நான் ஏதும் பிழையாச் சொல்லிப்போட்டனோ?"

"இல்லை நானா. நீங்கள் சரியாத்தான் சொன்னனீங்கள்."

அன்று இரவு என் கணவர் வரவில்லை. கார் இன்னும் சரிவரவில்லை என்றான் தவராசா. நான் அவனுக்குச் சோறு போட்டேன். சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் மாங்குளம் போய், அங்கிருந்து வவுனியா பஸ் ஏறினேன்.

காரைத் தேட வேண்டியிருக்கவில்லை. பெரிய தெருவிலிருந்து உள்ளே போகும் ஒழுங்கையில், மூன்றாவது வீட்டு வளவில், பாலை மரத்துக்குக் கீழே கழுவித் துடைத்து நின்றது. என் வீட்டில் அது அப்படி மினுங்கியதில்லை. அதன் மூக்கின் மேல் ஒரு சின்னப் பிள்ளையின் சட்டை காயப்போட்டிருந்தது.

படலையில் நின்ற என்னைக் கண்டு ஒரு பெண் வெளியே வந்தாள். முப்பது வயது மதிக்கலாம். என்னுடைய குடையையும் கைப்பையையும் பார்த்துவிட்டு, "ரீச்சரோ? பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையைப் பதிய வந்தனீங்களோ? வாங்கோ, உள்ளுக்கு வாங்கோ" என்றாள். அவளுக்குப் பின்னால் ஐந்து வயதுப் பெண்பிள்ளை ஒன்று எட்டிப் பார்த்தது. நான் உள்ளே போனேன். அவள் கதிரை எடுத்துப் போட்டாள், தண்ணீர் தந்தாள்.

அவள் பெயர் இரஞ்சிதம். நான் கேட்காமலே எல்லாம் சொன்னாள். 'இவர்' குளத்துக்குக் குளிக்கப் போயிருக்கிறார், இப்போது வந்துவிடுவார். இவருக்கு ஒட்டுசுட்டானில் கடை. அங்கே கடைக்குள்ளேயே படுத்து எழும்புகிறார்.

"கிழமையில ஒருக்காத்தான் இஞ்சை வாறவர், ரீச்சர். சில கிழமை அதுவும் இல்லை. உந்தக் கார் ஒட்டுசுட்டானில பழுதாகி நிண்டிடும். நானும் எத்தினை தரம் சொல்லிப்போட்டன், உதை வித்துப்போட்டு நல்லதொண்டு வாங்குங்கோ எண்டு."

நான் தண்ணீரைக் குடித்தேன். "கன காலமாத் தெரியுமோ அவரை?"

"முந்தி ஒருக்கா இதில கார் உண்மையாவே உடைஞ்சு நிண்டது. அப்பா கூட்டிவந்து படுக்க இடம் குடுத்தவர். பிறகு போகேக்க வரேக்க வருவார். அவற்ர முதல் மனிசி பிள்ளைப்பேறோட செத்துப் போனவா. தாயும் பிள்ளையும் ஒண்டாப் போச்சுது. அதுக்குப் பிறகுதான் என்னைக் கேட்டவர். பாவம், அதைச் சொல்லேக்க இப்பவும் அழுவார்."

நான் செத்துப்போயிருந்தேன். ஏழு வருடமாக அந்த வீட்டில் நான் செத்துப்போனவள். எனக்காக ஒரு மனிதர் அழுதுகொண்டும் இருந்தார். என் பிள்ளையையும் அங்கே கொண்டுவந்து, தன் கல்யாணத்துக்கு ஒரு காரணமாக வைத்திருக்கிறார்.

அவர் ஈரத் துவாயைத் தோளில் போட்டபடி படலையைத் திறந்தார். என்னைக் கண்டதும் நின்றார். வாய் திறந்தது. பழக்கம்தான் முதலில் பேசியது.

"ஜெகதி... கார் நிண்டுபோச்சு..."

அந்தப் பெயர் இரஞ்சிதத்துக்குத் தெரிந்திருந்தது. அவள் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு பிள்ளையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"கார் நல்லாத்தான் இருக்குதாம்" என்றேன். "ஹமீட் நானா சொன்னவர்."

குடையை எடுத்துக்கொண்டு எழும்பினேன். படலையைத் தாண்டிப் போகும்போது எனக்குப் பின்னால் இரஞ்சிதம் அவரைக் கேள்வி கேட்கத் தொடங்கியது கேட்டது. அவள் கேட்கட்டும் என்று நடந்தேன்.

வீட்டில் தவராசா நெல்லுக் காயப்போட்டுக்கொண்டிருந்தான். நான் எங்கே போய் வந்தேன் என்று என் செருப்பின் செம்மண்ணைப் பார்த்தே விளங்கிக்கொண்டான் என்று நினைக்கிறேன். கையிலிருந்த பலகையைக் கீழே வைத்தான்.

"எவ்வளவு காலமாத் தெரியும்?"

"தொடக்கத்திலையிருந்து, அக்கா."

"ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் உங்கட குடும்பம் உடைஞ்சு போகும். பிறகு நீங்கள் தனிச்சுப் போவியள். நானும் எங்கை போறது?"

அவன் பொய் சொல்லவில்லை. அந்தக் கடைசிக் கேள்விதான் முழு உண்மை. வியாழன்தோறும் நான் நம்பிய ஒவ்வொரு பொய்யும் அவன் வாயால் வந்தது. கணவன் செய்ததை ஊரில் வேறு பெண்களும் கண்டிருக்கிறார்கள். என் வீட்டுச் சோற்றை உண்டுகொண்டு என் தம்பி செய்ததற்கு எனக்குப் பெயர் தெரியவில்லை.

"பிள்ளை செத்த அண்டைக்கும் பொய்தானோ?"

"அண்டைக்கு அச்சு உண்மையா உடைஞ்சது, அக்கா. சத்தியமா."

உண்மையாக இருக்கலாம். ஆனால் நூறு முறை பொய் சொன்ன வாயிலிருந்து அது வந்தது. நம்பவும் முடியவில்லை, தள்ளவும் முடியவில்லை. ஹமீட் நானாவிடம் பிறகு கேட்டேன். அந்த மொறிஸுக்கு ஒரு அச்சு மாற்றிய ஞாபகம் இருக்கிறது, எந்த வருடம் என்று சொல்லத் தெரியவில்லை என்றார். பொய் சொல்லத் தெரியாத அந்த ஒருவருக்கும் அது ஞாபகமில்லை.

பத்திரம் என் பெயரில் இருந்ததால் ஹில்மனை எடுத்துவரும்படி ஹமீட் நானாவையே அனுப்பினேன். போனவர் ஒரு மணித்தியாலத்துக்குள் கனகராயன்குளத்திலிருந்து ஒட்டுசுட்டானுக்கு ஓட்டி வந்துவிட்டார். வழியில் எங்கேயும் நிற்கவில்லை. காரை அவரையே வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

அடுத்த வருடம் மாற்றம் கேட்டுக் கிளிநொச்சிக்கு வந்தேன். இரஞ்சிதம் மூன்று மாதம் அவருக்குக் கதவைச் சாத்தியிருந்தாள் என்று கேள்விப்பட்டேன். பிறகு திறந்தாள். அவளுக்குப் பிள்ளை இருந்தது. தவராசா தன் கலியாணப் பத்திரிகை அனுப்பினான், நான் போகவில்லை.

அறுபத்தேழில் ஒருநாள் அவர் பஸ்ஸில் வந்து இறங்கினார். தலை நரைத்துவிட்டது. இருக்கச் சொன்னேன், தேத்தண்ணி கொடுத்தேன். ஒரு மிடறு குடித்துவிட்டுக் கேட்டார்.

"மன்னிக்கேலாதோ, ஜெகதி?"

"அவளை வைச்சிருந்ததை மன்னிச்சாலும் மன்னிப்பன்" என்றேன். "ஆஸ்பத்திரியில உங்கட தலையைத் தடவினனே. அதுக்கு இடம் குடுத்துக்கொண்டு இருந்தீங்களே. அதை என்னால ஏலாது."

அவர் தேத்தண்ணியை முடிக்காமல் எழும்பினார். பஸ் வர இன்னும் நேரமிருந்தது. நான் இருந்து போகும்படி சொல்லவில்லை. அவர் தெருவில் வெய்யிலுக்குள் நின்றார். நான் ஐந்தாம் வகுப்புக் கொப்பிகளை எடுத்துத் திருத்தத் தொடங்கினேன்.