ரெண்டு மணி இன்டர்வெல்

இடது பக்கமாகவே படுத்திருக்க வேண்டும் என்று டாக்டரம்மா சோபனாவிடம் சொன்னது வேலூரில். அவளும் புருஷன் செந்தில்குமாரும் பஸ் பிடித்து ஆம்பூரில் வந்து இறங்குவதற்குள் தெருவுக்கே விஷயம் தெரிந்திருந்தது. யார் சொன்னார்கள் என்று கேட்டால் யாருமே சொல்லவில்லை. மற்ற ஊர்களில் சேதிக்குக் கால் முளைக்கும் என்பார்கள். ஆம்பூரில் அது ஷூ மாட்டிக்கொண்டே பிறக்கும்.

சேதி இதுதான். சோபனாவுக்கு ஏற்கெனவே இரண்டு தங்காமல் போயிருந்தன. இது மூன்றாவது. கர்ப்பப்பை வாய்க்குத் தையல் போட்டு, "எட்டாம் மாசம் தாண்டற வரைக்கும் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது. பாத்ரூமுக்கு மட்டும் எழுந்துக்கலாம், அதுவும் பக்கத்துல ஆள் இருந்தா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஷூ கம்பெனியில் பிளானிங் செக்ஷனில் உட்கார்ந்து ஐந்து கன்வேயர்களை ஆட்டி வைத்தவள் அவள். எந்த ஆர்டர் எந்த லைனில் ஏறணும், எப்போது இறங்கணும் என்பதெல்லாம் அவள் வாய்ச்சொல். இப்போது அவளே கட்டிலில் ஏறலாம், இறங்கக் கூடாது.

செந்தில்குமாருக்கும் அதே கம்பெனியில் கட்டிங் சூப்பர்வைசர் வேலை. காலையில் போனால் இருட்டுகிற நேரத்துக்குத்தான் வருவான். சோபனாவுக்கு மாமியார் இல்லை. அம்மா காவேரிப்பாக்கத்தில், பக்கவாதம் வந்த அப்பாவை விட்டு நகர முடியாது. மாடி வீட்டில் ஒரு கட்டில், ஒரு ஃபேன், ஒரு பயம். பயத்துக்குத்தான் கீழே கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஜான் பாஷா மருந்து கொண்டு வந்தான்.

"சும்மா மோட்டுவளையப் பாத்துக்கிட்டுப் படுத்திருந்தா அதுவே வியாதி தோஸ்த்" என்றான் செந்திலிடம். "கடையில ஒரு பழைய கம்ப்யூட்டர் பீஸ் கிடக்குது. தங்கச்சிக்கு வெச்சிக்கோ. ரயில் கேம் ஒண்ணு போட்டுத் தர்றேன், நேரம் போறதே தெரியாது."

"எவ்வளவுன்னு சொல்லு பாஷா."

"கொழந்த பொறந்தப்புறம் பிரியாணி போடு, போ."

பீஸ் வந்தது. ஆனால் சோபனா ஒருக்களித்துப் படுத்திருந்தாள்; திரை நேராக நின்றது. இரண்டு நாளில் கழுத்து பிடித்துக்கொண்டது. ஜான் பாஷா யோசித்துப் பார்த்துவிட்டு மானிட்டரையும் இடது பக்கமாகப் படுக்க வைத்து, உருளாமல் இரண்டு பக்கமும் தலையணை முட்டுக் கொடுத்தான். கர்ப்பிணியும் மானிட்டரும் ஒரே பக்கம் படுத்திருக்கிற வீடு அந்த ஜில்லாவிலேயே அது ஒன்றுதான். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் தலையைச் சாய்த்துக்கொண்டுதான் பேசினார்கள். வெளியே போன பிறகும் கொஞ்ச நேரம் சாய்ந்தேதான் நடந்தார்கள்.

விளையாட்டு என்னவென்றால், தண்டவாளம் போடணும், ஸ்டேஷன் கட்டணும், வண்டி வாங்கி ஓட்டணும். ஜனங்களைக் காக்க வைத்தால் ஊர்க்காரர்கள் முகம் சுளிப்பார்கள். சோபனா ஸ்டேஷன்களுக்கெல்லாம் தனக்குத் தெரிந்த பெயரையே வைத்தாள். காட்பாடியில் தொடங்கி குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி வழியாக ஜோலார்பேட்டை. நாலு வண்டி விட்டாள். பொழுது விடிந்து பார்த்தால் நாலும் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு யானைக்கூட்டம் மாதிரி போய்க்கொண்டிருக்கும். ஆம்பூரில் ஒரே சமயத்தில் நாலு வண்டி. அப்புறம் நெடுநேரத்துக்கு ஈ காக்கை இல்லை.

ஏன் என்று பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்தாள். முதல் வண்டி கொஞ்சம் தாமதமானால் பிளாட்பாரத்தில் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. அத்தனை பேரையும் ஏற்றுவதில் அது இன்னும் தாமதமாகிறது. பின்னால் வருகிற வண்டிக்கு ஏற்ற ஆளே இல்லை. காலியாக ஓடி வந்து முன்னால் போவதை எட்டிப் பிடித்துவிடுகிறது. யாருமே தப்பு செய்யவில்லை, ஆனாலும் எல்லாம் தப்பாகிவிடுகிறது. படுத்திருந்த அந்த மாதங்களில் அவளுக்கு இது எவ்வளவோ ஆறுதலாக இருந்தது. முன்னே தங்காமல் போன இரண்டுக்கும் தான் என்ன தப்பு செய்தோம் என்று ராத்திரியெல்லாம் தன்னையே குடைந்துகொண்டிருந்தவள் அவள்.

ஜான் பாஷா நெட்டிலிருந்து ஒரு தாள் எடுத்து வந்து கொடுத்தான். வண்டிகளை 'ஃபிக்ஸட் இன்டர்வெல்'லில் ஓட்டினால் கும்பல் சேராது என்று இங்கிலீஷில் போட்டிருந்தது. ஷூ கம்பெனிக்காரிக்கு இன்டர்வெல் என்றால் என்ன தெரியும்? மணி அடிக்கும், கன்வேயர் நிற்கும், எல்லாரும் டீக்கு ஓடுவார்கள். சரி, இந்த வண்டிகளும் பாவம் ஓடிக் களைத்திருக்கின்றன என்று நாலுக்கும் குடியாத்தத்தில் இருபது நிமிஷம் இன்டர்வெல் கொடுத்தாள். நாலும் குடியாத்தத்தில் வந்து நின்றன. டீ குடித்தன போலிருக்கிறது. பின்னால் காட்பாடி வரைக்கும் சிக்னல் எல்லாம் சிவப்பு.

இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. இன்டர்வெல் என்றால் இடைவேளை இல்லை, இடைவெளி. ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் நடுவே இருக்க வேண்டிய நேரம். போய்த் திரும்ப எண்பது நிமிஷம், வண்டி நாலு, அப்படியானால் இருபது நிமிஷத்துக்கு ஒன்று. சீக்கிரம் வந்த வண்டி ஜோலார்பேட்டையில் தன் முறை வரும்வரை நிற்க வேண்டும். தாமதமாக வந்தது நிற்காமல் கிளம்பலாம். அதற்காக அங்கே கொஞ்சம் உபரி நேரம் வைத்தாள். மறுநாள் நாலு வண்டியும் கோலப் புள்ளி மாதிரி ஒரே சீராக வந்து போயின. சோபனா தனியாகப் படுத்துக்கொண்டு சிரித்தாள். ஃபேனைத் தவிர யாரும் பார்க்கவில்லை.

பார்க்க ஆள் இல்லாததுதான் அவளுடைய கஷ்டமே. ஆள் இல்லை என்று சொல்வதும் தப்பு. பக்கத்து வீட்டு அஃப்ஸர் ஜஹான், எதிர்வீட்டு கிரேஸி, முனையில் இட்லிக்கடை போடும் முனியம்மா, மூன்று பேரும் தினம் வருவார்கள். அஃப்ஸர் ஜஹானுக்கு மூட்டுவலி. மாடி ஏறுகிற ஒவ்வொரு படிக்கும் ஒரு தரம் அல்லாவைக் கூப்பிடுவாள். கிரேஸி மிஷன் ஆஸ்பத்திரி கேண்டீனில் இருபது வருஷம் காபி ஆற்றியவள். அதனால் பாதி டாக்டர். முனியம்மா வியாபாரம் முடித்து மிச்ச இட்லியோடு வருவாள். சட்னியையும் தெருவின் சேதியையும் அவள் தனித்தனியாகப் பரிமாறியதே இல்லை.

மூன்று பேருக்கும் சோபனா பட்டிருக்கும் கடனைச் சொல்லி மாளாது. குளிக்க வைத்தார்கள், தலை பின்னினார்கள், துணி அலசினார்கள். ஆனால் மூன்று பேரும் வருவது ஒரே நேரத்தில், காலை பத்துக்கு. முதலில் வருகிறவள் பேச்சில் மாட்டிக்கொள்வாள். அதைக் கேட்க அடுத்தவள் ஓடி வருவாள். பன்னிரண்டுக்கு மூன்று பேரும் ஒன்றாக இறங்கிப் போவார்கள். அதற்கப்புறம் செந்தில் வரும்வரை யாருமில்லை. ஒருநாள் மத்தியானம் சொம்பில் தண்ணீர் தீர்ந்து, பொறுத்துப் பார்த்து முடியாமல் எழுந்து போனாள். அன்று சாயங்காலம் துளி ரத்தம் பட்டது. டாக்டரம்மா போனில் திட்டிய திட்டு செந்திலின் செல்லிலிருந்து தெருவுக்கே கேட்டது.

மறுநாள் சோபனா மனதைத் திடப்படுத்திக்கொண்டு பேச்சை எடுத்தாள்.

"அக்கா, மூணு பேரும் சேந்து வந்துட்டு சேந்து போய்ட்றீங்க. மத்தியானம் பயமா இருக்குது. நாளையிலேர்ந்து ரெண்டு மணி இன்டர்வெல்ல வாங்களேன்."

"நாங்க இன்னா உன் ரயிலு வண்டியா?" என்றாள் முனியம்மா, தலையைச் சாய்த்துத் திரையைப் பார்த்தபடி.

"பேஜாரா இருந்தா சொல்லிடும்மா, வர்லே" என்று அஃப்ஸர் ஜஹான் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லக்கா. நீங்க இல்லன்னா நான் இன்னா ஆவேன்?"

கிரேஸிதான் சமாதானம் செய்தாள். "ப்ரெக்னன்ஸில மனசு அப்டித்தான் கேக்கும். விடுங்க. ரெண்டு மணி இன்டர்வெல் தானே? வர்றோம்மா."

சோபனாவுக்கு நிம்மதியாகப் போயிற்று. பத்து மணிக்கு ஒருத்தி, பன்னிரண்டுக்கு ஒருத்தி, இரண்டுக்கு ஒருத்தி என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு தூங்கினாள்.

மறுநாள் பத்து மணிக்கு யாரும் வரவில்லை. செந்தில் வைத்துவிட்டுப் போன தண்ணீரை மிடறு மிடறாகக் குடித்தாள். பன்னிரண்டுக்கும் வரவில்லை. கோபித்துக்கொண்டார்கள் என்றே முடிவு கட்டிவிட்டாள். சோறு போட்ட கைகளுக்கு டைம்டேபிள் எழுதினேனே, என் வாயில் புற்றுமண்ணைப் போட என்று தன்னையே வைதுகொண்டு படுத்திருந்தாள். அடிவயிறு காலையிலிருந்தே கனத்தது. கவலையால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டு மணி. படிக்கட்டில் அல்லாவின் பெயர் கேட்டது. அஃப்ஸர் ஜஹானின் கையில் ஃபிளாஸ்க். அவளுக்குப் பின்னால் கிரேஸி, டம்ளர்களோடு. அவளுக்கும் பின்னால் முனியம்மா, பொட்டலம் நிறைய மசால் வடையோடு.

"இன்னா அக்கா, மூணு பேரும் ஒண்ணாவா!" சோபனாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"நீதானே சொன்ன, ரெண்டு மணி இன்டர்வெல்லுனு?" என்றாள் முனியம்மா. "உங்க கம்பெனில பத்தரைக்கு டீ. நீ ரெண்டு மணிக்கு வெச்சிருக்கிறயேன்னு வடைய சுட்டு எடுத்துக்கிட்டு வர்றேன். காலைல வந்தா கோச்சிப்பியேன்னு பல்லக் கடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தோம்."

"அதுக்கு அர்த்தம் அது இல்லக்கா. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருத்தர்..."

"அதத் தமிழ்ல சொல்லியிருக்கலாமில்ல?" என்றாள் அஃப்ஸர் ஜஹான், வீட்டில் உருது பேசுகிறவள். குடியாத்தத்தில் தானும் இதே தப்பைச் செய்தது சோபனாவுக்கு ஞாபகம் வந்து வாய்விட்டுச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. கட்டில் நனைந்திருந்தது.

டம்ளரில் டீ ஊற்றிக்கொண்டிருந்த கிரேஸி அப்படியே கீழே வைத்தாள். பாதி டாக்டர் என்று தெரு கேலி செய்யும் அந்தப் பொம்பளை கட்டிலருகே குனிந்தாள். புடவையை விலக்கி ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் ஒரே வார்த்தை.

"தூக்கு."

மாடிப்படி குறுகல், நடுவில் ஒரு திருப்பம். ஆம்புலன்ஸ் வந்தால்கூட ஸ்ட்ரெச்சர் திரும்பாது. பிளாஸ்டிக் நாற்காலியில் சோபனாவை உட்கார வைத்து, புடவையால் கட்டினார்கள். தினம் மாவுக் கிரைண்டர் கல்லைத் தூக்குகிற முனியம்மா முதுகுப் பக்கம் பிடித்தாள். முன்னங்கால்கள் இரண்டையும் மற்ற இருவரும் ஆளுக்கொன்றாகப் பிடித்தார்கள். திருப்பத்தில் நாற்காலியைச் சாய்த்தே தீர வேண்டியிருந்தது. ஒரு கை குறைந்திருந்தாலும் அவள் உருண்டிருப்பாள்.

"அக்கா, உங்க மூட்டு..."

"மூட்டு கெடக்கு, வாய மூடு" என்றாள் அஃப்ஸர் ஜஹான். அன்று ஒரு படிக்குக்கூட அவள் யாரையும் கூப்பிடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினாள்.

கீழே ஜான் பாஷா சத்தம் கேட்டு, கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு ஆம்னி வேனை வாசலில் நிறுத்தியிருந்தான். வேலூர் போகிற வரைக்கும் கிரேஸி மடியில் அவள் கால், முனியம்மா மடியில் தலை. முன்சீட்டில் அஃப்ஸர் ஜஹான், முன்னால் போன ஒவ்வொரு லாரிக்காரனையும் உருதுவில் வைதுகொண்டு வந்தாள். சோபனாவுக்கு வலியின் நடுவே ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. தான் கணக்குப் போட்டபடி நடந்திருந்தால் இந்நேரம் தன் பக்கத்தில் ஒரே ஒருத்திதான் இருந்திருப்பாள். அந்த ஒருத்தி யாராக இருந்தாலும் அந்தத் திருப்பத்தைத் தாண்டியிருக்க முடியாது.

ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். ஏழரை மாசத்துப் பெண் குழந்தை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். கொஞ்சம் தாமதித்திருந்தால் இரண்டு பேரையும் பார்த்திருக்க முடியாது என்று டாக்டரம்மா சொன்னபோது கம்பெனியிலிருந்து ஓடி வந்திருந்த செந்தில்குமார் வராந்தாவில் நின்ற மூன்று பெண்களையும் நோக்கிக் கைகூப்பினான். சேதி ஆம்பூருக்கு எப்போது போய்ச் சேர்ந்தது என்று யாரும் கேட்கவில்லை.

குழந்தை தேறியது. பெட்டியிலிருந்து வெளியே எடுத்த அன்று சோபனாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவருகில் நர்ஸ் தடுத்தாள்.

"அம்மா கூட இன்னொருத்தர் மட்டும்தான் உள்ள வரலாம். இவங்க மூணு பேரும் யாரு உங்களுக்கு?"

சோபனா மூன்று பேரையும் பார்த்தாள். அஃப்ஸர் ஜஹான் முழங்காலில் பேண்டேஜ். முனியம்மா அன்றிலிருந்து கடையே போடவில்லை. கிரேஸி ஜெபம் பண்ணிப் பண்ணித் தொண்டை கட்டியிருந்தாள். தேங்க்ஸ் என்று சொல்ல சோபனா வாயைத் திறந்தாள். அது சின்ன வார்த்தையாக இருந்தது.

"ஒருத்தரச் சொல்லும்மா" என்றாள் நர்ஸ்.

"எப்படி சிஸ்டர் சொல்றது? ஒருத்தரக் கூப்பிட்டா ரெண்டு பேர் கோச்சிப்பாங்க."

"கோச்சிக்காம?" என்றாள் முனியம்மா. "அன்னிக்கி அந்த மாடிப்படில நாங்க ஒருத்தர் ஒருத்தரா வந்தோமா?"

நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனாள். துணியில் சுற்றிய குழந்தையைக் கையில் ஏந்திக்கொண்டு கதவு வரைக்கும் வந்து நின்றாள். முதலில் யார் வாங்குவது என்று மூன்று பேருக்கும் சண்டை வந்தது. சோபனா கண்ணைத் துடைக்காமல் அந்தச் சண்டையைக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.