‘பிரில்லியன்ட்’ என்ற சொல்

அக்கா படிப்பை முடிக்காமல் விட்டு வந்ததிலிருந்து அந்த வீட்டில் யாரும் ‘பிரில்லியன்ட்’ என்ற வார்த்தையை வாயில் எடுப்பதில்லை. சின்ன வயதிலிருந்து அப்பா அவளைக் கூப்பிட்டதே அப்படித்தான். ஆய்வேட்டை எழுதிக் கொடுத்துவிட்டு, பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வில் மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லாமல் எழுந்து வெளியே வந்தவள், அதற்குப் பின் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தாள்.

தங்கைக்கு அகராதி அலுவலகத்தில் வேலை. ஒரு நாள் அதே சொல்லுக்குப் பொருள் எழுதும் வேலை அவள் தலையில் விழுந்தது. வீட்டுக்கு எடுத்து வந்து, அக்கா தண்ணீர் குடிக்க எழுந்து வந்ததும் மடிக்கணினியைச் சட்டென்று மூடினாள்.

“என்னடி மறைக்கிற?”

மழுப்பிப் பார்த்தாள், பலிக்கவில்லை. அக்கா திறந்து படித்தாள். முதல் பொருள், கண்ணைப் பறிக்கும் ஒளியுடைய. கெட்டிக்காரத்தனம் பின்னால்தான் வந்தது.

“இது எங்கேருந்து வந்த சொல்லு?”

“பிரெஞ்சுலேருந்து. அதுக்கு முன்னாடி இத்தாலியன். அதுக்கும் முன்னாடி ஒரு பச்சைக் கல்லோட பேரா இருக்கலாமாம். அந்தப் பேரும் நம்ம வைடூரியமும் சொந்தக்காரங்க.”

“நிச்சயமா?”

“அநேகமான்னுதான் போட்டிருக்காங்க. அதுக்கு மேல யாருக்கும் தெரியாதாம்.”

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“அகராதியே தெரியாதுன்னு சொல்லுது. எனக்கு அன்னிக்கு அந்த ஒரு வார்த்தை வாயில வரலடி. பிறந்ததுலேருந்து சொல்லிப் பழகல.”

தங்கை மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்தாள். “எடுத்துக்காட்டு வாக்கியம் ஒண்ணு வேணும், சொல்லேன்” என்றாள். அக்கா ஒன்று சொன்னாள். தங்கை நீளம் என்றாள். “உனக்கு ரசனையே கிடையாது” என்றாள் அக்கா. சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த அம்மா, வந்த சுவடு தெரியாமல் திரும்பிப் போனாள்.

அடுத்த வாரம் அக்கா தன் பேராசிரியருக்கு எழுதி, தேர்வுக்கு இன்னொரு தேதி வாங்கினாள். தேர்வன்று தங்கை அறைக்கு வெளியே பெஞ்சில் நகத்தைக் கடித்தபடி காத்திருந்தாள். கதவு திறந்தது.

“ரெண்டு கேள்விக்குத் தெரியாதுன்னுட்டேன். ஒரு அத்தியாயத்தைத் திருத்திக் கொடுத்தா பட்டம் தர்றாங்களாம்” என்றாள் அக்கா. “வா, பசி உயிர் போகுது.”