அண்ணன் கொடுத்த வாக்கு

அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் அவள் மெல்ல இடது பக்கம் சரிவாள். அவள் கணவர் வருடக்கணக்காக அதில் சாய்ந்து உட்கார்ந்து, வந்தவர்களிடம் தலையாட்டித் தலையாட்டி, பஞ்சு அவர் உடம்புக்கு ஏற்றபடி அமுங்கிப்போயிருந்தது. வேறு நாற்காலி போடலாமே என்று ஒருநாள் கேட்டாள். கொழுந்தன் பதறிவிட்டான். "அண்ணன் உக்காந்த சேரு அண்ணி. ஜனங்க அதைப் பாத்துதான் உள்ள வர்றாங்க." அதற்குப் பிறகு அவள் வலது காலை ஊன்றிக்கொண்டு உட்காரப் பழகிக்கொண்டாள். மதியத்துக்குள் தொடை கடுத்துவிடும்.

மாநகராட்சிக் கூட்டம் முடிந்து வீடு திரும்பும் வழியில், காருக்குள்ளேயே, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார் மனிதர். வார்டில் பெரியவர் சின்னவர் என்றில்லாமல் எல்லோருக்கும் அவர் அண்ணன். அதனால் இவள் அண்ணி. அவருடைய கவுன்சிலர் இடத்துக்கு இடைத்தேர்தல் வந்ததும் கட்சி வேறு யாரையும் யோசிக்கவில்லை. அதுவரை அவள் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசியும் குப்பியுமாக இருந்தவள். யார் கையைப் பிடித்தாலும் முதல் குத்திலேயே நரம்பு கிடைத்துவிடும்; மைக்கைப் பிடித்தால் மட்டும் விரல் நடுங்கியது. அது ஒரு பொருட்டாகவே இல்லை. பிரசார வண்டியில் அவள் கும்பிட்டால் போதும், அழுதால் இன்னும் நல்லது என்றார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை. வெயிலில் கண் கூசியதையே ஜனங்கள் அழுகை என்று எடுத்துக்கொண்டார்கள். பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தாள். ஜெயித்தது யார் என்று அவளுக்குத்தான் சந்தேகம்.

அவருடைய போனை நிறுத்தக் கூடாது என்றும் கொழுந்தன் சொல்லியிருந்தான். அது காலையில் அவள் பல் தேய்க்கும்போதே அடிக்க ஆரம்பிக்கும். எடுத்தால், "அண்ணே, குழாயில தண்ணி வரல" என்று ஆரம்பித்து, சட்டென்று நின்று, "அண்ணியா? மறந்துட்டேன் அண்ணி" என்பார்கள். சிலர் மறக்கவில்லை. தெரிந்தே அவரிடம்தான் பேசினார்கள். "நீங்க இருக்கும்போது இப்படி ஒருநாள் சாக்கடை நின்னிருக்குமாண்ணே?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிடுவார்கள். அவள் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நிற்பாள். அந்தப் பக்கம் இன்னும் யாரோ கேட்டுக்கொண்டிருப்பதுபோல் இருக்கும்.

அந்த மாதம் மேம்பாலப் பிரச்சினை வந்தது. நகரத்தின் குறுக்கே கட்டிக்கொண்டுவந்த பாலம் அவள் வார்டில்தான் தரையிறங்க வேண்டும். அதற்கு இரண்டே வழி. ஒன்று, கால்வாயோரத் தெரு. ஒட்டி ஒட்டி நிற்கிற சின்னச் சின்ன வீடுகள், முனையில் ஒரு சைக்கிள் கடை. இன்னொன்று, அதற்குப் பின்னால் டைல்ஸ் வியாபாரி ஒருவருடைய பெரிய கிடங்கு. கால்வாயோரத் தெருவையே எடுத்துக்கொள்வதென்று தீர்மானம் தயாராகிவிட்டது. வார்டு உறுப்பினர் சம்மதித்துவிட்டால் பேச்சே இல்லை.

"சரின்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க அண்ணி. கிடங்கத் தொட விடமாட்டேன்னு அண்ணன் ஏற்கனவே கிடங்குக்காரருக்கு வாக்குக் குடுத்துட்டாரு" என்றான் கொழுந்தன்.

"உங்க அண்ணன் என்கிட்ட ஒண்ணும் சொல்லலையே."

"உங்ககிட்ட எதுக்கு அண்ணி இதெல்லாம்? நான் பக்கத்துலயே நின்னேன்."

அவன் புளுகுகிறான் என்றுதான் முதலில் நினைத்தாள். மறுநாளே சைக்கிள் கடைக்காரர் வந்தார். ஒடிசலான மனிதர், விரல் இடுக்கெல்லாம் கிரீஸ் கறுப்பு. உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

"பயமா இருக்கான்னு தெருவுல கேக்குறாங்கம்மா. எனக்குப் பயமில்ல. எங்க தெருவுல ஒரு செங்கல்லக்கூட எடுக்க விடமாட்டேன்னு அண்ணன் கடையில வந்து சொல்லிட்டுப் போனாரு."

"எப்படிச் சொன்னாரு? அவர் சொன்ன மாதிரியே சொல்லுங்க."

சைக்கிள் கடைக்காரர் கொஞ்சம் கூச்சப்பட்டார். பிறகு அங்கே இல்லாத யாரோ ஒருவருடைய தோளில் கை வைத்து, தலையை இடது பக்கம் சாய்த்து, "நான் இருக்கேன்ல, நீ ஏன் கவலைப்படுற?" என்றார்.

குரல்கூட அப்படியே இருந்தது.

அவர் போனதும் கொழுந்தனைக் கூப்பிட்டு அதையே கேட்டாள். கிடங்குக்காரரிடம் அவர் என்ன சொன்னார், எப்படிச் சொன்னார்? அவன் யோசிக்கவே இல்லை. கையை நீட்டி, தலையைச் சாய்த்து, "நான் இருக்கேன்ல, நீ ஏன் கவலைப்படுற?" என்றான்.

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அவர்தான் இரண்டு பேருக்கும் சரி என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறியிருக்கிறார்.

சாப்பிடும்போது மகளிடம் மெதுவாகப் பேச்சுக் கொடுத்தாள். கல்லூரிக்குப் போகிற பெண்; அப்பாவைப் பற்றிப் பேச்செடுத்தால் தட்டோடு எழுந்துவிடுகிறவள். அன்று எழவில்லை.

"என்னை வெளியூர்ல படிக்க வைக்கிறேன்னு எங்கிட்ட சொன்னாரும்மா. எங்கயும் அனுப்ப மாட்டேன்னு உங்கிட்ட சொன்னாரு. உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

"அப்ப ரெண்டு பேரையுமா ஏமாத்தியிருக்காரு?"

"இல்ல. எங்கிட்ட சொல்லும்போது நிஜமாவே அனுப்பணும்னுதான் நெனைச்சிருப்பாரு. உங்கிட்ட சொல்லும்போது நிஜமாவே அனுப்பக் கூடாதுன்னு." மகள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆகிவிட, தண்ணீர் டம்ளரை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டாள்.

அந்த வாரம் முழுக்க அவள் வீட்டுக்குள் கணவரிடம் பேசிக்கொண்டே அலைந்தாள். துணி மடிக்கும்போது, விளக்கை அணைக்கும்போது. இரண்டில் எது என்று சொல்லித் தொலையுங்களேன். கண்ணை மூடினால் அவர் தலை சாய்வதுதான் தெரிந்தது. சரி, சரி, சரி.

கூட்டத்தன்று மன்றத்தில் ஏசி குளிர் எலும்புவரை இறங்கியது. தீர்மானத்தை வாசித்து முடித்ததும் மேயர் இவள் பக்கம் திரும்பினார். பரிவான மனிதர்.

"அண்ணன் இந்தப் பாலத்துக்காக எவ்வளவு பாடுபட்டாருன்னு எங்களுக்குத் தெரியும். உங்களுக்குச் சம்மதம்தானேம்மா?"

கொழுந்தன் பார்வையாளர் வரிசையில் இருந்து முன்னால் குனிந்தான். அவள் எழுந்து மைக்கைப் பிடித்தாள். விரல் நடுங்கவில்லை என்பதை அவளே ஆச்சரியமாகக் கவனித்தாள்.

"சம்மதம் இல்லைங்க. பின்னாடி கிடங்கு இருக்கு, அந்த வழியா இறக்கலாம். வீடுங்க மேல வேண்டாம். இது அவர் சொன்னது இல்ல. நான் சொல்றேன்."

யாரோ இருமினார்கள். மேயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். வாக்கெடுப்புக்கு விட்டார். தீர்மானத்துக்கு ஆதரவாக அவள் கட்சிக்காரர்களே முதலில் கை தூக்கினார்கள். கைகளெல்லாம் ஒரே நேரத்தில் எழுந்தபோது சட்டை உரசும் சத்தம் ஒன்று வந்தது. அவ்வளவுதான். அடுத்த தீர்மானம் தெருவிளக்கு பற்றியது.

கார் கதவைத் திறந்து பிடித்தபடி கொழுந்தன் சொன்னான்: "செத்த மனுஷன் வாக்கைக் கெடுத்துட்டீங்களே அண்ணி." அவள் காரில் ஏறவில்லை. நடந்தே வீட்டுக்குப் போனாள்.

மழைக்காலம் முடிந்ததும் தெருவைக் காலி செய்தார்கள். ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் மாற்று வீடு. அவள் வரக் கூடாது என்று கட்சியில் சொன்னார்கள், போனாள். கூரையில்லாத வீடுகளில் உள்சுவர்கள் வெளியே தெரிந்தன. ஒன்று பச்சை, ஒன்று ரோஜா நிறம். இடிக்கும் இயந்திரம் தெருமுனையில் காத்திருந்தது. சைக்கிள் கடைக்காரர் லாரியில் சக்கரங்களை ஏற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் துண்டில் சுற்றிய ஒன்றை நீட்டி, "இதைக் கொஞ்சம் பிடிங்கம்மா, ஒடஞ்சிரும்" என்றார்.

துண்டு நழுவியது. கண்ணாடி போட்ட படம். கடைத் திறப்பு விழா அன்று எடுத்தது போலிருக்கிறது. கடைக்காரர் தோளில் கைபோட்டு நிற்கிறார் அவள் கணவர்.

"அண்ணன் இருந்திருந்தா இது நடந்திருக்காதும்மா. நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம். மன்றத்துல பேசுனதாச் சொன்னாங்க." கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார். "ஆனா அவர் பேசுனா நடக்கும்."

அவள் வாயைத் திறந்தாள். கிடங்குக்காரருக்கும் அவர் கொடுத்த வாக்கு நாக்கு நுனிவரை வந்திருந்தது. அந்த மனிதருடைய முகத்தைப் பார்த்தாள். வீடு போய், கடை போய், இதுவொன்றுதான் அவரிடம் உடையாமல் இருந்தது.

"ஆமா" என்றாள்.

லாரி உறுமியது. கடைக்காரர் பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டு இரண்டு கையையும் நீட்டினார். படத்தைக் கொடுத்தாள். அவர் அதை மடியில் நிமிர்த்தி, தெருவைப் பார்த்தமாதிரி பிடித்துக்கொண்டார். லாரி புழுதிக்குள் ஆடி ஆடி நகர்ந்தது. திருப்பம் வரும்வரை கணவர் தலையைச் சாய்த்து அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனார். கை அசைப்பதா வேண்டாமா என்று தெரியாமல், துண்டைப் பிடித்தபடி அவள் நின்றாள்.