நாற்காலியில் வராத குரல்

1

இது கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. பட்டணத்து மாதப் பத்திரிகைக்காரர் ஒருவர், 'மனக்கவலை உடலைக் கெடுப்பது எப்படி, அதை அடக்குவது எப்படி' என்று எழுதித் தரச் சொன்னார். 1961ஆம் வருஷம். உத்திரமேரூரில் என் மேசை முன் உட்கார்ந்து, 'கவலையே வேண்டாம்' என்று முதல் வரி எழுதினேன். உடனே நெஞ்சு எரிந்தது. கம்பவுண்டர் ஐசக் கொடுத்த ரோஸ் கலர் மருந்தை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, 'அமைதியான மனமே—' என்று தொடர்ந்தேன். அதற்கு மேல் ஏப்பம்தான் வந்தது.

என் மனைவி சரசு எட்டிப் பார்த்தாள்.

"கவலப்படாம இருக்கறது எப்டின்னு எழுதறதுக்கு இம்மாங் கவலப்பட்டுக்கினு கீறீங்களே!"

2

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் நான் காதால் கேட்டது ஒரே ஒரு பேச்சு. காஞ்சிபுரம் பஸ்ஸில் முன்சீட்டுப் பெண் ஒருத்தி பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்: "அந்த நாற்காலில குந்துனா எனுக்குக் கொரலே வரமாட்டேங்குது, பாஞ்சாலி." சொல்லிவிட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போய்விட்டாள். எந்த நாற்காலி, யார் போட்ட நாற்காலி, ஒன்றும் தெரியாது. கட்டுரையை மூடிவிட்டு அவளுக்குப் பவளம் என்று பேர் வைத்தேன். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

3

தொடக்கம் (அ): 'வயல்வெளியின் மீது செங்கதிரோன் தன் பொற்கரங்களை—'

வேண்டாம். சூரியன் இல்லாமலே கதை நடக்கும்.

தொடக்கம் (ஆ): 'பவளம் ஓர் ஏழை.'

அது அவளுக்கே தெரியும்.

தொடக்கம் (இ): திருப்புலிவனம் தாண்டி ஓர் ஊர்.* பவளம் அங்கே காலனியில் இருக்கும் கூலிக்காரி. பஞ்சாயத்தில் ஒரு பெண்ணைச் சேர்த்தாக வேண்டும் என்று புதுச் சட்டம் வந்தது. காலனிக்காரர்கள் பவளம் பேரைச் சொன்னார்கள், அவள் வாய் அப்படி. தலைவரும் சிரித்துக்கொண்டே சரி என்றார். நாற்காலியின் மகிமை அவருக்குத் தெரியும்.

(*ஊர்ப் பேரைச் சொல்ல மாட்டேன். அந்தத் தலைவர் வண்டி கட்டிக்கொண்டு என் வாசலுக்கு வந்தால் ஐசக்கின் மருந்து போதாது.)

இதையே வைத்துக்கொள்வோம்.

4

ஊருக்குச் சர்க்கார் ஒரு குடிநீர்க் கிணறு கொடுத்திருக்கிறது. ஒன்றே ஒன்று. தலைவர் அதைத் தேரடியில் வெட்டப் பார்க்கிறார். அங்கே வெட்டினால் ஊர்த்தெருக்காரர்கள் காலனிக்காரர்களைக் கயிறு போட விடமாட்டார்கள். வற்றிய ஏரியைத் தோண்டி, ஊறுகிற கலங்கலைத்தான் அவர்கள் மொண்டு குடிக்கிறார்கள். பவளத்தின் சின்னப் பெண்ணுக்குக் கோடை வந்தால் கழிச்சல். போன கோடையில் பிழைத்ததே பெரிய விஷயம்.

பவளம் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: கூட்டத்தில் 'கெணத்த எங்க பக்கம் வெட்டுங்க' என்று சொல்ல வேண்டும். போன கூட்டத்தில் நாற்காலியில் உட்கார்ந்தாள். எதிரே தலைவர், அவளுக்குக் கூலி கொடுக்கிற ஐயா. உள்ளங்கை வேர்த்தது, கழுத்து மரக்கட்டை ஆயிற்று, வயிறு புரண்டது. தொண்டையில் எதுவோ வந்து அடைத்துக்கொண்டது. வீட்டுக்கு வந்து, புருஷன் கன்னியப்பன் கேட்டதற்கு, "ஒடம்பு சரியில்ல" என்றாள். பொய் சொல்லவில்லை.

ஐசக்கிடம் விளக்கம் கேட்டேன். "பயம் வந்தா ஒடம்பு ஓடறதுக்கு ரெடியாயிடுது சார். ஓட வழியில்லன்னா வவுத்துக்குள்ளயே ஓடுது" என்றார். கட்டுரைக்கு வேண்டியது முழுக்க அதிலேயே வந்துவிட்டது. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

5

வைத்தியம் சொல்லாமல் கட்டுரையாளன் தூங்குவானா? 'மூச்சை ஆழ இழுத்து மெல்ல விடுக.' நானே செய்து பார்த்தேன். மூக்கில் அலமாரித் தூசி ஏறி, தும்மித் தும்மி இடுப்பு பிடித்துக்கொண்டது. 'அதிகாலையில் உலாவுக.' பவளம் அந்நேரம் குடத்தோடு ஏரிக்கு உலாவத்தான் போகிறாள்.

சரி, பேச்சையாவது எழுதிக் கொடுப்போம் என்று, 'மாண்புமிகு தலைவர் அவர்களே! நீரின்றி—' என்று அவள் வாயில் வைத்தேன். என் கதையிலேயே அவளுக்கு விக்கல் எடுத்தது. ஏற்கெனவே கன்னியப்பன் ஒரு பேச்சு சொல்லிக் கொடுத்திருந்தான். காலனிப் பெரியவர்கள் வேறொன்று, பஞ்சாயத்து குமாஸ்தா மூன்றாவது. நான் நாலாவது ஆள்.

6

ஆனி மாதம். ஆடி விதைப்புக்குத் தலைவர் வீட்டுக் களத்தில் பெண்கள் வேர்க்கடலை உரிக்கிறார்கள். பருப்பு உடையாமல் உரிக்க வேண்டும், விதைக்கானது. தலைவர் பக்கத்திலேயே கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார்.

"இன்னா ஐயா, கூலிக்கு அளக்கற மரக்கால் வருசா வருசம் வளந்துக்கினே போவுது? அதுக்குச் சோறு போட்றீங்களா?" என்றது ஒரு குரல்.

களமே சிரித்தது. தலைவரும் சிரித்தார். உரிக்கிற இடத்தில் பெண்கள் எதை வேண்டுமானாலும் பேசலாம், அங்கே அது வழக்கம். அவர் முறைத்தால் உரிக்கிற கை நின்றுவிடும்.

அந்தக் குரல் யாருடையது? சாட்சாத் பவளத்தினுடையது. எழுதிய எனக்கே திக்கென்றது. அதே ஐயா, அதே பவளம்.

பாஞ்சாலி அவளை இடித்தாள். "இங்க மட்டும் பேசற. அங்க போனா இன்னாடி வந்துச்சு ஒனுக்கு?"

"அங்க கை சும்மா கீதுடி. கை சும்மா கீறப்ப பயம் தொண்டைல வந்து குந்திக்குது."

"அப்போ கைக்கு வேல குடு. மடில வேர்க்கல்லய எடுத்துக்கினு போ. குந்தி உரி."

"தரைலயா?"

"தரைல இன்னாத்துக்கு? நாற்காலிலதான்."

(முதலில் அவளைத் தரையில்தான் உட்கார வைத்து எழுதியிருந்தேன், 'இயற்கையாக' இருக்கட்டும் என்று. பாஞ்சாலி பேசிய பிறகு அந்த வரியை அடித்துவிட்டேன். கூலிக்காரியை மறுபடி தரையில் இறக்க எனக்கு எவ்வளவு சுலபமாக வந்தது பாருங்கள்.)

7

முடிவு (அ): பவளம் பேசினாள். தலைவரின் கண்கள் கலங்கின. அவர்—

அந்தத் தலைவரை நீங்கள் பார்த்ததில்லை.

முடிவு (ஆ): குரல் வரவில்லை. கிணறு தேரடிக்குப் போயிற்று. சரசு படித்துவிட்டுத் தாளை என் மடியில் போட்டாள். "அந்தப் புள்ள அடுத்த கோடைக்கு இருக்குமா, இல்ல அதையும் எழுதிச் சாவடிக்கப் போறீங்களா?" எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

8

ஆகவே கூட்டம். களத்திலிருந்து நேராக வந்து பவளம் நாற்காலியில் உட்கார்ந்தாள். மடியில் கடலை. தலைவர் தீர்மானத்தைப் படித்தார்: கிணறு தேரடியில். "யாருக்காவது ஆட்சேபணை உண்டா?"

கடலை ஓடு உடைகிற சத்தம் மட்டும் கேட்டது.

குமாஸ்தா எரிச்சலோடு திரும்பினார். "இன்னாம்மா, மீட்டிங்ல நாஷ்டாவா?"

"துன்றதுக்கு இல்லப்பா, வெதைக்கு வெச்ச வேர்க்கல்ல. ஐயா வூட்டுதுதான்."

சொல்லி முடித்த பிறகுதான் அது தன் குரல் என்று பவளத்துக்குத் தெரிந்தது. களத்துப் பழக்கத்தில் தலைவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பை உடனே மடக்கிக்கொள்ள அவருக்குத் தெரியவில்லை. பவளம் இன்னொரு கடலையை விரலால் நசுக்கிக்கொண்டே அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

இனி அவள் சொல்லப்போவதை எழுத என் கை துடிக்கிறது. நல்ல வாக்கியம்கூட ஒன்று வைத்திருக்கிறேன். ஆனால் ஆளாளுக்கு அவள் வாயில் வார்த்தை வைத்ததுதான் பாதி அடைப்பு. அந்த நாலாவது ஆள் பேனாவை மூடிவிட்டான். நெஞ்செரிச்சல் தீர்ந்தது என்று சொல்ல ஆசைதான், தீரவில்லை. வாசகரே, நீங்களும் எதையும் எடுத்துக் கொடுக்காதீர்கள்.

அவள் வாயைத் திறந்துவிட்டாள். நாம் சும்மா இருப்போம்.