மாட்டுக்கு அரிசி

அரிசிப் பானைக்குள் கையை விட்டுத் துழாவிய இந்துமதிக்கு ஒரு பிடிகூடத் தேறவில்லை. பொன்னியிலிருந்து குருணைக்கு இறங்கியே இரண்டு மாதமாகிறது. தக்காளிக்குப் பதில் புளி, முழுத் தேங்காய்க்குப் பதில் ஒரு மூடி என்று அவள் குறைத்துப் பார்க்காதது எதுவும் பாக்கியில்லை. நல்லூர்க் கடைக்காரர்கள் கண்ணில் படாமல் வாடிய காய்களைப் பொறுக்கி வாங்க, பஸ்ஸில் இரண்டு ஸ்டாப் தள்ளிப் போய்வந்தாள். இன்று பஸ்ஸுக்கும் வழியில்லை. மங்கலத்தில் தறி ஓட்டப் போயிருக்கும் கணவன் மகுடேஸ்வரனுக்குச் சனிக்கிழமைதான் கூலி. இன்று செவ்வாய்.

ரேஷன் கார்டு இருக்கிறது, அதுதான் வயிற்றெரிச்சல். சொந்த பனியன் யூனிட்டில் இருபது மெஷின் ஓடிய காலத்தில், ரேஷன் அரிசிக்கு நாம் போய் வரிசையில் நிற்பதா என்று அவளே வம்படியாக நின்று, அரிசி கிடைக்காத சர்க்கரை கார்டாக மாற்றி வாங்கினாள். திருப்பி மாற்றித் தரும்படி மனுக் கொடுத்து மூன்று மாதமாகிறது. பரிசீலனையில் இருக்கிறதாம். அது முடியும்வரை வீட்டில் மகளோடு சேர்த்து மூன்று பேருக்கும் பசிக்காமல் இருந்தால் சரி.

அந்த யூனிட்டில் செக்கிங் பார்த்த மருதம்மாள் அடுத்த தெருக்காரி. பனியனில் பொடி ஓட்டை, எண்ணெய்க் கறை எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. தன் ரேஷன் அரிசியில் மிஞ்சியதை மாதாமாதம் இந்துமதியின் மாட்டுக்குக் கொடுத்துவிட்டுப் பால் வாங்கிப் போவாள். அரிசி கல்லும் நெல்லுமாகக் கிடக்கும். மாட்டுக்குத்தானே, யார் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்? யூனிட்டை மூடிய பிறகும் அந்தக் கொடுக்கல் வாங்கல் நடந்தது. போன மாதம் விடியற்காலையில் மாட்டையும் டெம்போவில் ஏற்றி விற்றாகிவிட்டது. ஊருக்குத் தெரியாமல் செய்துவிட்டதாக இந்துமதிக்கு ஒரு நினைப்பு.

நாலு தடவை வாசல்வரை போய்த் திரும்பியவள் ஐந்தாம் தடவை நடந்தேவிட்டாள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"மருதக்கா, மாட்டுக்குக் கொஞ்சம் அரிசி இருக்குதுங்களா?"

மருதம்மாள் அவள் முகத்தைப் பார்த்தாள். கொஞ்சம் அதிக நேரம்தான் பார்த்தாள்.

"இருக்குதுங்க அம்மிணி. சாயங்காலம் நானே ஊட்டுக்குக் கொண்டாந்து தாரனுங்க."

பாலைப் பிறகு தருவதாக இந்துமதி இழுத்தாள்.

"பாலு வேண்டாமுங்க. இப்பெல்லாம் குடிச்சா எனக்கு ஒத்துக்கறதில்லீங்க."

நல்லவேளை, இவளுக்கு விஷயம் தெரியவில்லை. இந்துமதிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மருதம்மாள் சொன்னபடியே பொழுது சாய வந்தாள். தெருவில் நின்றே, அக்கம்பக்கத்துக்குக் கேட்கட்டும் என்பதுபோல, மாட்டுக்கு அரிசி கொண்டுவந்திருப்பதாகக் குரல் கொடுத்தாள். பையை வாசற்படியில் வைத்தவள், மாட்டுக் கொட்டகைப் பக்கம் தலையைத் திருப்பாமலே போய்விட்டாள்.

மகள் நித்யஸ்ரீ உலை வைத்தாள். இந்துமதி முறத்தில் அரிசியைக் கொட்டிக்கொண்டு லைட்டுக்கு நேராக உட்கார்ந்தாள். கல் பொறுக்க விரலால் தள்ளினாள். கல் இல்லை. நெல் இல்லை, ஒரு கறுப்பு அரிசிகூட இல்லை. பைக்குள் கையை விட்டு அடியிலிருந்து அள்ளிப் போட்டுப் பார்த்தாள். அதுவும் அப்படியே சுத்தமாக இருந்தது.

"அம்மா, உலை கொதிக்குது."

ஒரே ஒரு கல்லாவது கிடைத்துவிடாதா என்று இந்துமதி மறுபடியும் முதலிலிருந்து தேடிக்கொண்டிருந்தாள்.