விற்பதற்கென்றே வாங்கியவர்கள்

...விற்கத்தான் போகிறார்கள், அது அன்றைக்கே தெரிந்ததுதானே, செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்திவிட்டுக் கணவர் சாம்சன் எவ்வளவு பொறுமையாகச் சொன்னார், இசை, பிரைவேட் ஈக்விட்டின்னா பேங்க் கடன் மாதிரி இல்ல, பல பேர் போட்ட பணத்த ஒண்ணா சேத்து, பங்குச் சந்தைக்கு வராத நம்மள மாதிரி கம்பெனில பங்கு வாங்குவாங்க, வளத்து விடுவாங்க, அஞ்சாறு வருஷத்துல வித்துட்டுப் போயிடுவாங்க, அவங்க வாங்கறதே விக்கத்தான்... வளர்த்தும் விட்டார்கள், ஒரே கூரையின் கீழ் கார்க் கதவுக்கு ரப்பர் பட்டை செய்த இடம் இன்று ஒரகடத்தில் மூன்று ஷெட், பார்க்கத்தான் அவர் இல்லை. இசைவாணி மாடிக் கண்ணாடி வழியாகக் கீழே பார்த்தாள், ஷிப்ட் மாறுகிறது, ரப்பரை அழுத்தும் பழைய பிரஸ்ஸின் தூணை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஸ்விட்சைப் போடுகிறார் ஒருவர், சாம்சனின் பழக்கம் அது, அவரைப் பார்த்தே இராத, ஒடிசாவிலிருந்து வந்த இவருக்கு யார் சொல்லிக் கொடுத்தது, கேட்டால், தட்டலேன்னா மிஷின் கோச்சுக்கும் என்பார்கள், இந்த ஒரு தட்டைக் காணத்தானே வாரம் தவறாமல் வருகிறாள், புதிதாக வாங்குகிறவர்கள் அந்த பிரஸ்ஸை வைத்திருப்பார்களா, இவளை உள்ளே விடுவார்களா...

சூப்பர்வைசர் ரகு டீ கொண்டுவந்து வைத்தான். "இன்னாக்கா, மொகமே சரியில்ல? புது மொதலாளியாண்ட மொதல்ல இந்த டீய மாத்தச் சொல்லு, குடிச்சிக் குடிச்சி நாக்கு செத்துப்பூட்ச்சி." சிரித்தாள், சிரிப்பு பாதியிலேயே நின்றது, முதலீட்டு நிறுவனத்துப் பகலவன் உள்ளே வந்துவிட்டார்.

"என் பங்கையும் விக்கச் சொல்றீங்க, அதானே?"

"இல்ல மேடம். எங்க பங்கைத்தான் நாங்க விக்கறோம். உங்களுது உங்க இஷ்டம், வச்சுக்கலாம். நாங்க விக்கும்போது விருப்பப்பட்டா நீங்களும் அதே விலைக்கு வித்துட்டு வெளிய வரலாம்னு ஒரு ஷரத்து இருக்கு. அன்னைக்கு சாம்சன் சார்தான் அதுக்காக விடாம பேசினாரு. மத்த எதுக்கும் அவர் அவ்ளோ வாதாடல."

விடாமல் பேசினாரா, யாருக்காக, அவரைக் கொண்டுபோன அந்த வயிற்று வலி அப்போதே வந்துவிட்டிருந்ததா, இவள் இங்கேயே வந்து நின்றுகொண்டிருப்பாள் என்று தெரிந்துதான் ஒரு வாசலைத் திறந்து வைத்தாரா, இல்லை, தொழில் செய்கிற எவரும் கேட்பதைத்தான் கேட்டாரா... கட்டாயம் என்று சொல்லியிருந்தால் கையெழுத்தைப் போட்டுவிட்டு, வீடு போய்ச் சேரும்வரை இவர்களைத் திட்டிக்கொண்டே போயிருக்கலாம், இப்போது போவதென்றால் அவளேதான் எழுந்து போகவேண்டும்.